பாதிக்கப்பட்ட தரப்பு

கணக்கு மேடத்துக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை இருந்தது என்று சொன்னால் அது பொய். வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ஏழு வருடம் முட்டி மோதி எழுதிய நாற்பத்திரண்டு பக்கக் கட்டுரை மேசைமேல் கிளிப் போட்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை ஆய்விதழுக்கு அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதைப் பதவி உயர்வு விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். அவ்வளவுதான். பதினான்கு வருடமாக உதவிப் பேராசிரியர். இந்த முறை விட்டால் அடுத்த நேர்காணல் மூன்று வருடம் கழித்து.

குறுக்கே நின்றது ஒரே ஒரு எண். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எந்த ஆராய்ச்சி வெளியே போனாலும் முதல் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்க வேண்டும். எலிக்கு ஊசி போடுகிறவருக்கும் அதே படிவம்தான், எண்களோடு மட்டும் குடித்தனம் நடத்துகிற மேடத்துக்கும் அதே படிவம்தான். ‘பங்கேற்பாளர்கள் எத்தனை பேர்?’ என்ற இடத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதினார். ‘விலங்குகள் பயன்படுத்தப்பட்டிருந்தால் அவற்றின் தற்போதைய நிலை?’ என்ற இடத்தில் ‘நான் அவற்றைச் சந்திக்கவே இல்லை’ என்று எழுதினார். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை என்று நினைத்தார், பாவம்.

அந்தப் பருவத்துக்குக் குழுத் தலைவர் ஊடக அறம் கற்பிக்கும் பேராசிரியர். வளாகத்தில் அவருக்குப் பெயர் ‘மறுதரப்பு’. கேன்டீனில் டீ ஆறிப்போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், “டீ போட்டவரைக் கேட்டீங்களா?” என்பார். சும்மா வரவில்லை அந்தப் பழக்கம். பத்திரிகையில் இருந்த காலத்தில், உயிரோடிருந்த ஒருவருக்கு இரங்கல் செய்தி போட்டுவிட்டார். ஒரு போன் போட்டிருந்தால் அந்த மனிதரே எடுத்திருப்பார். அன்றிலிருந்து எவரைப் பற்றி எது எழுதினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்பது மறுதரப்புக்கு மூச்சாகிவிட்டது.

திங்கட்கிழமை மேடத்தைக் கூப்பிட்டார்.

“இந்தக் கட்டுரை என்ன சொல்லுது மேடம்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.”

“ஏழு மூலை உள்ள ஒரு ஓடு சார். தரையில அதை எப்படி அடுக்கினாலும் எங்கயாவது ஒரு இடத்துல இடைவெளி விழும்னு இருபத்தோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அனுமானம் வந்துச்சு. அது தப்பு. அறுபத்தோரு ஓடுகளை இடைவெளியே இல்லாம சேர்த்து வைக்கலாம். அந்த அடுக்கையே திரும்பத் திரும்ப வெச்சு எவ்வளவு பெரிய தரையையும் நிரப்பலாம்.”

“அதாவது, ஒருத்தர் சொன்னது தப்புன்னு பகிரங்கமா எழுதறீங்க.”

“கணக்குல சார்.”

“எதுல இருந்தா என்ன? அவரைக் கேட்டீங்களா?”

“கேக்கணும்னு தோணல சார்.”

“ஏன், இறந்துட்டாரா?”

“இல்ல சார். அது நான்தான்.”

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மறுதரப்பு தலையசைத்தார். “நல்லதாப் போச்சு. விலாசம் தேட வேண்டாம். எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. வந்த அன்னிக்கே நம்பர் தர்றேன்.”

சரி, தலையெழுத்து என்று மேடம் கடிதம் எழுதினார். ‘தாங்கள் முன்வைத்த அனுமானம் தவறு எனக் காட்டியுள்ளேன். தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.’ வளாகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு நகர வேண்டுமென்றாலும் தபால் நோட்டு அண்ணன் வேண்டும். முப்பது வருடமாக அந்த நீள நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற அலுவலக உதவியாளர் அவர். கடிதத்தை வாங்கினார், அனுப்புநர் கட்டத்தில் கையெழுத்து வாங்கினார், இரண்டு மாடி இறங்கித் தபால் அறைக்குப் போனார், முத்திரை குத்தினார், திரும்ப இரண்டு மாடி ஏறி வந்து அதே கதவைத் தட்டினார்.

“மேடம், உங்களுக்கு ஒரு லெட்டர்.”

“இங்கயே குடுத்திருக்கலாமேண்ணே?”

“அதெப்படிம்மா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நானில்ல பதில் சொல்லணும்.”

மேடம் பெறுநர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்தது. ஓரத்தில் மறுதரப்பின் பென்சில் எழுத்து: ‘மிரட்டி வாங்கிய பதில்போல் இருக்கிறது. அவர் மனம்விட்டுப் பேசட்டும்.’

மேடத்துக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பேசத்தானே வேண்டும், பேசுகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் விடுப்பும் போட்டார்.

புதன்கிழமை அவர் கணவரின் செருப்புக் கடைக்கும் விடுமுறை. மனிதர் காலையில் பேப்பரை விரிக்கும்போதே மேடம் எதிரில் வந்து நின்றார்.

“கடையிலேர்ந்து காலி டப்பா எவ்வளவு கொண்டு வர முடியும்?”

“வேணுங்கற அளவு இருக்கு. எதுக்கு?”

“என்னை எதிர்த்து நான் எழுதணும். இருபத்திமூணு வயசுல நான் எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. எதைச் சொன்னாலும் ‘கண்ணுல காட்டு, அப்புறம் நம்பறேன்’னு உயிரை எடுப்ப.”

“அதேதான். அந்தப் பொண்ணு கண்ணுல காட்டச் சொல்லுவா. காட்டிட்டா வாயை மூடிப்பா.”

அன்று முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செருப்பு டப்பாக்களை வெட்டினார்கள். அட்டையின் மேல்பக்கம் பளபளவென்று வெள்ளை, அடிப்பக்கம் பழுப்பு. கட்டைவிரலில் கத்தரிக்கோல் தழும்பு விழுந்ததுதான் மிச்சம், ஆனால் அறுபத்தோரு ஓடும் தயாராகிவிட்டது. மேடம் கட்டுரையைப் பார்த்து எண் சொல்லச் சொல்ல, கணவர் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். கடைசி ஓடும் கச்சிதமாக உட்கார்ந்தது. இடைவெளி என்ற பேச்சே இல்லை. மேடம் ஏழு வருடத்தில் முதல்முறையாகக் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார்.

“நாப்பத்திமூணாவது மட்டும் ஏன் பழுப்பா இருக்கு?” என்றார் கணவர்.

“தெரியாமக் கவுத்து வெச்சிருப்பீங்க. திருப்பி வைங்க.”

திருப்பி வைத்தார். பொருந்தவில்லை. இந்தப் பக்கம் சுழற்றினார், அந்தப் பக்கம் சுழற்றினார், நாசூக்காகத் தட்டியும் பார்த்தார். “இது கவுத்து வெச்சாத்தான் உக்காருது,” என்றார்.

மேடம் எழுந்து போய் அலமாரியைக் குடைந்து, இருபத்தோரு வருடத்துக்கு முன் ஒரு சின்ன ஆய்விதழில் வந்த தன் அரைப் பக்கத்தை எடுத்து வந்தார். முதல் வரியே அதுதான்: ‘ஓட்டுக்கு மேல்பக்கம் ஒன்றே, கவிழ்த்து வைக்கலாகாது.’ தான் போட்ட நிபந்தனையைத் தானே மறந்திருக்கிறார். காகிதத்தில் வரைந்த ஓட்டுக்கு முகம் எது, முதுகு எது? ஏழு வருடமும் வரைந்துகொண்டே இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

அழலாம் என்று ஆரம்பித்தார், ஆனால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அரைப் பக்கத்தை அன்றைக்குக் கருத்தரங்கில் படித்தபோது முன்வரிசையே நமட்டுச் சிரிப்புச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் பின்னாளில் அவரும் தன்னைத் தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பினார். இப்போது பார்த்தால் அந்தப் பெண் சொன்னது இன்னும் அசையாமல் நிற்கிறது. எத்தனை சந்தோஷமாக இருந்ததோ அத்தனை வெட்கமாகவும் இருந்தது.

கணவர் மெதுவாக, “ரசீது இருந்தாப் போதும்னுதானே சொன்ன? இதழ்க்காரங்க படிச்சுக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள பதவி வந்துடும்,” என்றார்.

மேடம் நாற்பத்திமூன்றாம் ஓட்டைக் கையில் எடுத்தார். மூன்று வருடம். வீட்டுக்கடன், ஒழுகுகிற மாடி, தன்னைவிடச் சின்னவர்களைத் ‘தலைவரே’ என்று கூப்பிடுகிற தினசரிக் கொடுமை, எல்லாம் மனதில் வந்து போனது.

“அந்தப் பொண்ணு ஒத்துக்க மாட்டா,” என்றார்.

வியாழக்கிழமை தபால் நோட்டு அண்ணன் நான்கு பக்கப் பதிலைச் சுமந்துகொண்டு மாடி ஏறி இறங்கினார். வெள்ளிக்கிழமை மதியம் மறுதரப்பு கூப்பிட்டனுப்பினார். பதிலை வரி விடாமல் படித்திருந்தார். நடுவில் இருந்த கணக்கு அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் ‘கவிழ்த்து வைக்கலாகாது என்று நான் எழுதியதைப் படிக்காமலே என்மேல் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள்’ என்ற வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

“நல்லா கேட்டிருக்காங்க மேடம். ஒரு போன் மாதிரிதான் இது. போட்டிருந்தா அவங்களே எடுத்திருப்பாங்க.” பேனாவைத் திறந்தார். “அனுமதி நம்பர் வேணுமா?”

“வேண்டாம் சார். வாபஸ் வாங்கிக்கறேன்.”

“அது மட்டும் போதாது. ஏழு வருஷமா வகுப்புல, கருத்தரங்குல எல்லாம் அவங்க சொன்னது தப்புன்னு பேசியிருக்கீங்க. வருத்தம் தெரிவிக்கணும். எழுத்துல.”

இந்த மனிதரோடு யார் மல்லுக்கட்டுவது? மேடம் அறைக்குப் போய் எழுதினார். இரண்டு வரியில் முடிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு பக்கம் போனது. எழுதும்போது கண் நனைந்ததை யாரும் பார்க்கவில்லை. தபால் நோட்டு அண்ணன் அதை வாங்கிக்கொண்டு இறங்கினார், முத்திரை குத்தினார், ஏறி வந்து கதவைத் தட்டினார்.

மேடம் கையெழுத்துப் போட்டு உறையைப் பிரித்து, யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். சுவர்க் கடிகாரம் ஐந்தடித்தது.

“பதில் ஏதும் உண்டாம்மா?” என்றார் அண்ணன். “அனுப்புனவங்க காத்திருப்பாங்க.”

“இருக்கட்டும்ணே. ஏழு வருஷமா என்னைத் தப்புன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. நான் யோசிச்சுத்தான் சொல்லுவேன்னு சொல்லிடுங்க.”

அண்ணன் நோட்டைப் பிரித்து, குறிப்புக் கட்டத்தில் ‘பெறுநர் யோசிக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு படியிறங்கினார்.