எதிர்வீட்டுக்குப் போன எட்டு டிகிரி

1988 ஜனவரியின் முதல் சனிக்கிழமை, அமெரிக்காவின் ஷெபாய்கன் நகரில், ரோலண்ட் கெசனிக்கின் கேரேஜில் ஊறிக்கொண்டிருந்த பார்லிக் கூழிலிருந்து எட்டு டிகிரி சூடு கிளம்பி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு டோலோரஸ் வொய்சிக்கின் கூரைப் பனியை உருக்கியது. மற்ற கூரைகளில் ஒன்றரை அடிப் பனி அப்படியே கிடந்தது.

பீருக்கான கூழ் ஒரு மணி நேரம் நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். இறங்கினால் பீர் நீர்த்துவிடும். எங்கள் குடும்பத்தில் மகள் கல்யாணத்துக்குத் தகப்பன் காய்ச்சிய பீரைத்தான் முதலில் ஊற்றுவோம். நீர்த்த பீரை ஊற்றிய கெசனிக் எவனும் இல்லை. ரோலண்டின் மகளுக்கோ மே மாதம் கல்யாணம். சூடு போகாமலிருக்க அவன் கூழை ஊற்றி மூடிவைத்த ஐஸ் பெட்டியைக் கம்பளியால் சுற்றினான், மான் வேட்டைக் கோட்டைப் போர்த்தினான், நிலவறைக்கு இறக்கினான். எட்டு டிகிரி கூட்டி வெந்நீர் ஊற்றினால் பதினாறு டிகிரி போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தெர்மாமீட்டரை விட்டான். “அடைகாக்குற கோழியக்கூட யாரும் இப்படித் தூக்கித் தூக்கிப் பாக்கமாட்டாங்க,” என்றாள் அவன் மனைவி மார்லிஸ். மூடியைத் தொடாமலும் இருந்து பார்த்தான். சூடு போகத்தான் செய்தது.

பிப்ரவரியில் டோலோரஸ் நேரில் வந்தாள். “சனிக்கிழமையானா என் அடுப்படியில வேர்த்து ஊத்துது. சர்ச் விருந்துக்கு வச்ச செர்ரி ஜெல்லி உறையவே இல்ல. உங்க சூட்ட உங்க வீட்டுலயே வச்சுக்கக் கூடாதா?”

“அதத்தாங்க ஆறு வாரமா பண்ணப் பாக்குறேன்,” என்றான் ரோலண்ட்.

ஏப்ரலுக்குள் ஏழு முறை காய்ச்சினான், ஏழும் தண்ணீர். சூடு போகிற வீட்டுக்கே கூழையும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள் மார்லிஸ். குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பா கிளாரன்ஸ் கொதித்தார்.

“நம்ம பீரு வொய்சிக் கூரைக்குக் கீழ ஊறுறதா? அதுக்குக் கடையில வாங்கி ஊத்துடா.”

“நீங்களே வாங்கிட்டு வாங்க பெரியப்பா. லேபிளக் கிழிச்சுட்டு, நான் காய்ச்சினதுன்னு சொல்லிக்கிறேன்.”

பெரியப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, சனிக்கிழமை பத்து மணி முதல் பதினொன்று வரை டோலோரஸின் சமையலறை கெசனிக் வீட்டைச் சேர்ந்தது என்று அறிவித்தார். ஜெல்லி உறைந்தால் போதும் என்றாள் டோலோரஸ். அங்கே ஒரு மணி நேரமும் முள் நூற்று ஐம்பத்திரண்டை விட்டு அசையவில்லை. கல்யாணத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இன்றும் அதே ஏற்பாடுதான். அந்த ஒரு மணி நேரம் டோலோரஸ் எங்கள் வீட்டு விருந்தாளி என்பதால், அவளுடைய அடுப்பில், அவளுடைய கோப்பையில், காபியை நாங்கள்தான் போட்டுக் கொடுக்கிறோம்.