துரை வண்டியின் ஏரியல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை கொழும்பில் இருந்த நேரம் பார்த்துத்தானா என் மகளுக்குக் காய்ச்சல் வர வேண்டும்? அம்மாக்கண்ணுக்குக் கைகால் இழுத்தது, கண் செருகியது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. நான் துரையின் டிரைவர், கார் ஷெட் சாவி என் இடுப்பில் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. துரையின் காரில் பிள்ளையையும் என் பெண்டாட்டி வேலாயியையும் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன்.

பிள்ளை பிழைத்தது. நாலு நாள் கழித்துக் கூட்டிவரப் போனேன், அதுவும் அதே காரில்தான். கொழுத்துப் போன புத்தி. வரும் வழியில் மழைக்குச் சாய்ந்து கிடந்த ஒரு மரக்கிளை, இடது முன்சக்கரத்துக்கு மேலே மட்காட்டில் நின்ற ரேடியோ ஏரியலை அடியோடு ஒடித்துவிட்டது.

எனக்கு முன்னால் டிரைவராக இருந்தவன் அழகுமுத்து. கேட்காமல் மச்சானை அந்தக் காரில் ஏற்றியதுதான் அவன் செய்த குற்றம். வேலை போனது, வீடும் போனது. சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டு நடந்தான். அதை நினைத்ததும், துரை வருவதற்குள் வேறு ஏரியல் தேடி ஓடினேன்.

ஹட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் மரியரட்ணம், பார்வைக்கு அதே மாதிரி ஓர் ஏரியல் தேடிக் கொடுத்தார்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு ஞாபகம் வச்சுக்குங்க. ஏரியல் கம்பி வண்டித் தகரத்தத் தொடவே கூடாது. தொட்டா ரேடியோ செத்துச்சு. அதுக்குத்தான் அடியில இந்த ரப்பர் வளையம்."

துரை வரும் நாள் காலையில்தான் வேலையை முடித்தேன். புது வயரின் முனை ரேடியோவின் துளைக்குள் போக மாட்டேன் என்றது. ஒடிந்த ஏரியலின் வயர் முனையை வெட்டி, அடுப்பில் காய்ச்சிய இரும்பால் ஈயம் உருக்கிப் புது வயரில் ஒட்டினேன். உள்கம்பிதான் தகரத்தைத் தொடக் கூடாது; வயரைச் சுற்றியிருக்கும் கம்பிவலை தொட்டாக வேண்டும், அதற்கு மட்காட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். துரையின் வண்டியாச்சே என்று காசு அளவுக்கு மட்டும் சுரண்டினேன். சாவியைத் திருப்பினேன், ரேடியோ பாடியது.

பக்கத்தில் நின்ற வேலாயி, "இனி ஒன்னும் ஆகாதுல்ல?" என்றாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. நீ கேக்குறதே ஆவாது" என்று எரிந்து விழுந்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

சாயங்காலம் ஹட்டன் ஸ்டேஷனில் துரையை ஏற்றினேன். அவர் எனக்குப் பக்கத்து ஸீட்டில்தான் உட்காருவார். டவுனைத் தாண்டியதும் ரேடியோவைத் திருகினார். சூடேறினால்தான் பாடும் ரேடியோ, ஏறட்டும் என்று மனதுக்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"என்னா செஞ்சி நீ?"

"ஒன்னும் செய்யலீங்க துரை."

"நிப்பாட்டு."

மூடுபனியில் இறங்கினேன். வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனவன், ஏரியலின் அடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே ஒரு செம்புத் தாயத்து. மழையில் நூல் இற்றுவிடும் என்று, நான் வெட்டிப் போட்ட செம்புக் கம்பியால் ஏரியலைச் சுற்றி, கம்பியின் மறுமுனையை மட்காட் ஆணியில் முறுக்கியிருந்தது. பாவி வேலாயி, நான் குளிக்கப் போன நேரத்தில் ஏரியலையும் தகரத்தையும் சேர்த்தே கட்டிவிட்டாள்.

முறுக்கைப் பிரித்துத் தாயத்தைக் கையில் எடுத்தேன். வண்டிக்குள் ரேடியோவில் எவளோ ஒருத்தி இங்கிலீஷில் பாட ஆரம்பித்தாள்.

தாயத்தில் சின்னச் சின்னப் பல்தடம். அம்மாக்கண்ணு கடித்துக் கடித்துப் போட்ட தடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கோயில் பூசாரி அவள் கையில் கட்டி, "ஒரு மண்டலம் கழட்டாதீங்க" என்று சொல்லியிருந்தார்.

துரை இறங்கி என் பின்னால் வந்து நின்றார்.

"என்னா அது?"

பிள்ளையுடையது என்று சொன்னால், பிள்ளைக்கு என்ன என்று கேட்பார். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனாய் என்று கேட்பார். ஏரியலைக் குனிந்து பார்ப்பார்.

"தாயத்துங்க. துரை பத்திரமா வந்து சேரணும்னு என் பொஞ்சாதி கட்டுனது."

துரை சிரித்தார். ஏரியல் பக்கம் திரும்பவே இல்லை. என் கையிலிருந்து தாயத்தை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒன் பொஞ்சாதிக்கு சலாம் சொல்லு."

வேலை தப்பியது. வீடும் தப்பியது. அந்தச் சந்தோஷத்தை எனக்குள் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் வேலாயி கையை நீட்டினாள்.

"குடுங்க, புள்ளைக்குக் கட்டணும். புதுச் சாமான் போட்ட வண்டி, கண்ணு பட்டு ஒங்க வேல போயிருமேன்னு பயந்து இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் கழட்டுனேன்."

"தொரைகிட்ட இருக்கு."

அவள் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

துரை பங்களா கேட் வரைக்கும் போனேன். முன்னறையில் விளக்கு எரிந்தது. என்னவென்று கேட்பது? துரைக்குக் கட்டியது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேனே. கேட்டைத் தொடாமல் திரும்பி வந்தேன்.

அம்மாக்கண்ணு அடுப்போரம் சுருண்டு படுத்திருந்தாள். தாயத்து இருந்த இடத்தில் நூல் தடம் மட்டும் இருந்தது. நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. அடுப்புச் சூடா, காய்ச்சலா என்று கைக்குத் தெரியவில்லை. ஷெட் சாவி இடுப்பில்தான் இருந்தது. ஆனால் துரை இப்போது பங்களாவில் இருந்தார்.