ஸ்பூனில் ஒட்டியது

அழைப்பு மணி அடித்ததும் லிஃப்ட்காரர் செருப்பைத் தேடினார். ஞாயிறு காலையில் அந்த மணி அடித்தால் கதவைத் திறப்பார், வந்தவளுக்குத் தலையசைப்பார், மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றுகொள்வார். அவள் வெளியே வந்ததும் இவர் உள்ளே போவார். அவர் பழுதுபார்க்கும் லிஃப்டின் பெட்டியும் அதன் எதிர்ப் பாரமும் போல. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். நடுவழியில் ஒரு கணம் கடந்துபோவதோடு சரி.

வந்தவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். வாரநாளில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்கு வரமுடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு நன்மை என்னும் நற்கருணையைக் கொண்டுபோவாள். கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை, அதற்குள் மூடி போட்ட பித்தளைச் சிமிழ், சிமிழுக்குள் நற்கருணை அப்பம். அது கழுத்தில் இருக்கும்வரை வழியில் நின்று யாரோடும் கதை பேசமாட்டாள்.

இன்று அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணே, இன்னிக்கு நீங்க வெளிய போகக் கூடாது."

"ஏன், எனக்கு இன்னிக்கு லைசென்ஸ் டெஸ்டா?"

"விளையாடாதீங்க. போன வாரம் அக்காவுக்குப் புரையேறினதுல எனக்குப் பாதி உசிரு போச்சு. அவங்கள முழுங்க வைக்கிற வித்தை உங்களுக்குத்தான் தெரியும்."

போன வாரம் இருமல் சத்தம் கேட்டு அவர்தான் படியிலிருந்து ஓடிவந்து மனைவியை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினார். மூச்சு திரும்பிய பிறகுதான் டீச்சரைக் கவனித்தார். சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். வலது கால் மட்டும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் காரில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவளின் கால் அது.

"வேற யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாமே. ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க உங்க திருச்சபையில."

"இன்னிக்கும் முடியலேன்னா நிறுத்திடலாம்னு ஃபாதர் சொல்லிட்டார். அக்காவுக்கு ஆபத்துன்னு."

லிஃப்ட்காரர் ஒரு செருப்போடு நின்றார். பக்கவாதம் வந்து பேச்சுப் போன பிறகு அவர் மனைவி எதையும் ஆவலாகப் பார்ப்பதில்லை. டிவியை, ஜன்னலை, சமயத்தில் அவரையும்கூட. ஞாயிறு காலையில் மட்டும் அவள் கண் வாசலை விட்டு அகலாது. அதையும் நிறுத்திவிடலாமாம்.

ஆனால் அந்தக் காரியம் நடக்கும் இடத்தில் இருக்கமாட்டேன் என்று அவர் முடிவெடுத்திருந்தார். எல்லாம் மகளால். மகளுக்குப் பிறவியிலிருந்தே பேச்சில்லை. ஒரே ஒரு சத்தம்தான். தொண்டைக்குள்ளிருந்து கிளம்பி, இழுத்து, கடைசியில் மூக்கில் போய் முடியும். பசித்தாலும் அது, சந்தோஷம் வந்தாலும் அது. 'பாட்டுக்காரி' என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் பிரசங்கத்தின் நடுவே அவள் பாட, அப்போதிருந்த சாமியார் பேச்சை நிறுத்தி, "அந்தப் பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூன்று பேரும் வெளியே வந்தார்கள். சில வருஷங்களில் பாட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். மனைவி மட்டும் மறுபடி போக ஆரம்பித்தாள். இவர் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, மழையோ வெயிலோ, பூசை முடியும்வரை எதிர்ப்பக்கம் நிற்பார். கோயிலுக்குப் போகாதவர்களில் அவர் அளவுக்குக் கோயில் வாசலில் நின்றவர் யாரும் இருக்க முடியாது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார். "திருச்சபைன்னா என்ன? கட்டடமா, சாமியாரா, கமிட்டியா?"

"இத கழுத்துல போட்டுக்கிட்டு நான் வாக்குவாதம் பண்ண மாட்டேன்ணே."

"வாக்குவாதம் இல்ல. கேள்விதான்."

டீச்சர் துணிப்பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "உடம்புன்னு சொல்லிக்கொடுத்தாங்க. ஆண்டவர் தல. நாம கை, காலு, விரலு. எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பு."

"உடம்புல ஒரு உறுப்பு சத்தம் போட்டா வெட்டி வெளிய போட்டுடுவாங்களா?"

அவளுக்கு அந்தக் கதை தெரியும். பேச்சு இருந்த காலத்தில் அக்கா சொல்லியிருந்தாள். கீழே எங்கோ லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவர் காது தன்னையறியாமல் அதை அளந்தது. கதவு சரியாகத்தான் மூடியது.

"திருச்சபை புனிதமானதுன்னு வாய் நிறைய சொல்றோம். உள்ள இருக்கிறது நாங்கதானேண்ணே," என்றாள். "எனக்குப் பெரிசா படிப்பு கிடையாது. ஆனா அன்னிக்கு நீங்க மூணு பேரும் வெளிய நின்னீங்கள்ல, அப்ப உள்ள இருந்த உடம்புதான் மூளியா நின்னிருக்கும்னு எனக்குத் தோணும்."

அறையிலிருந்து மனைவியின் சத்தம் வந்தது. ஆளை வாசலிலேயே நிறுத்தி என்ன பேச்சு என்று கேட்பதுபோல் இருந்தது.

"வரேன், வரேன்," என்று செருப்பைக் கழற்றினார். "முழுங்க வைக்கத்தான் வரேன். வேற எதுக்கும் இல்ல."

"நான் வேற எதுக்கும் கூப்பிடலயே."

காலையிலேயே மனைவிக்குச் சலவைச் சட்டை மாட்டித் தலைவாரி விட்டிருந்தார். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காரணம் இல்லை என்று தனக்குத் தானே சொல்லியும் இருந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, தலையணையை மடித்துக் கழுத்துக்குக் கொடுத்தார். தண்ணீரைக் கெட்டியாக்கும் மருந்துக்கடை மாவைப் போட்டு, தேன் பதத்துக்கு வரும்வரை கலக்கினார். வெறும் தண்ணீர் என்றால் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். பாட்டுக்காரிக்கும் அவர்தான் ஊட்டியவர். ஊட்டி முடித்ததும் ஸ்பூனில் ஒட்டியிருப்பதைத் தன் வாயில் வைத்து வழித்துவிடுவார். "எச்சில் தின்னி" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது அவளுக்கு ஊட்டும்போதும் அதே கதைதான். திட்டத்தான் ஆளில்லை.

டீச்சர் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றிச் சிமிழைத் திறந்தாள். இந்த வீட்டுக்குச் சமாதானம் என்றாள். மறுமொழி சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினாள். யாரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். லிஃப்ட்காரர் மாவுத் தண்ணீரை இன்னும் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்க வேண்டிய அவசியம் இல்லை. ஜெபம் முடியும்வரை அவள் கேட்பதும் அவளே பதில் சொல்வதுமாகப் போனது. படியில் நின்று கேட்டபோது அது அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்கையில் சிரிப்பு வரவில்லை.

பிறகு அப்பத்தின் விளிம்பில் நகக்கண் அளவுக்குக் கிள்ளினாள்.

"இது போதுமா?"

"துணுக்கு போதும்ணே. துணுக்குலயும் ஆண்டவர் முழுசாத்தான் இருக்கார்."

அவர் தொழிலில் பாதி வடம் பாதிப் பாரம்தான் தாங்கும். ஆனாலும் மாவுத் தண்ணீர் எடுத்த ஸ்பூனை நீட்டினார்.

டீச்சர் துணுக்கை மனைவியின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "கிறிஸ்துவின் உடல்."

அதற்கு 'ஆமென்' என்ற பதிலுக்காகக் காத்திருந்தாள். அவசரமே இல்லாமல், கற்றுக்கொள்பவர் கியர் மாற்றும்வரை காத்திருப்பவள்போல.

மனைவியின் தொண்டை அசைந்தது. அந்தச் சத்தம் கிளம்பியது. இழுத்து, மூக்கில் போய் முடிந்தது. டீச்சர் தலையாட்டினாள்.

"அது ஆமென் இல்லம்மா," என்றார் லிஃப்ட்காரர். "தண்ணி கேட்டாலும் இதேதான்."

"எனக்கு ஆமென்தான் கேட்டுச்சு."

"என் பொண்ணும் இதேதான் சத்தம் போட்டா. உங்க கோயில்ல."

டீச்சரின் விரல் அப்படியே நின்றது. "பூசையில எந்த எடத்துலண்ணே?"

இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. யோசித்தார். "எடமாவது ஒண்ணாவது. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்."

"அப்ப ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஆமென் சொல்லியிருக்கா."

லிஃப்ட்காரர் ஸ்பூனைப் பார்த்தார். மாவுத் தண்ணீர் விளிம்பு வரை வந்து திரும்பிப் போனது. டீச்சர் துணுக்கை அதன்மேல் வைத்தாள். மிதந்தது.

மீதி அவர் வேலை. மனைவியின் மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினார். ஸ்பூனைக் கீழுதட்டில் ஊன்றி, நாக்கின் நல்ல பக்கமாகச் சாய்த்தார். "எங்க, என் ராசாத்தி, முழுங்கு," என்று தொண்டையை விரலால் மேலிருந்து கீழே நீவினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி நீவினார். டீச்சர் மூச்சு விடவில்லை. தொண்டை மெல்ல ஏறியது, நின்றது, இறங்கியது. இருமல் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

"எறங்கிடுச்சு," என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நிம்மதியில் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் செய்வதுபோல், ஸ்பூனைத் தன் வாயில் வைத்து வழித்தார்.

"அண்ணே!"

டீச்சரின் வலது கால் தரையை மிதித்திருந்தது. மேசைமேல், ஸ்பூனை அலசி அந்தத் தண்ணீரையும் தானே குடிப்பதற்காக அவள் எடுத்து வைத்திருந்த தம்ளர். ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் வீணாகக் கூடாதே என்று. அதைப் பார்த்த பிறகுதான் லிஃப்ட்காரருக்குத் தான் செய்தது உறைத்தது. அன்று கோயிலை விட்டு வெளியே வந்தபின் அவர் நன்மை வாங்கியதே இல்லை. ஸ்பூன் வாயிலேயே நின்றது. வெளியே எடுப்பதா, இப்படியே நிற்பதா என்று தெரியவில்லை. நாக்கு துழாவியது. மாவுத் தண்ணீரின் ருசிதான். அதில் ஏதாவது ஒட்டியிருந்ததா இல்லையா, அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"நான்... கைப்பழக்கம்மா..." என்று ஸ்பூனோடு குழறினார்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி வாசலைப் பார்க்கவில்லை, சிமிழைப் பார்க்கவில்லை. வாயில் ஸ்பூனோடு நிற்கும் மனுஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் நல்ல பக்கம் மேலே ஏறியிருந்தது. யாரும் எதுவும் கேட்காமலே மறுபடியும் அந்தச் சத்தம், இந்த முறை இன்னும் நீளமாக, கோயிலே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

மெழுகுவர்த்திச் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. தரையை அழுத்திக்கொண்டிருந்த டீச்சரின் கால், பிரேக்கை விட்டு வண்டியைத் தானாக உருள விடுகிறவளின் கால்போல, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்தது.