குறட்டைக் கதை

அன்று காலை பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பதினாறாவதாக அம்மா நின்றிருந்தாள். ஆறு வருடமாக இந்த நாடக வீதியை நான் சுற்றிக்காட்டுகிறேன். ஒருநாளும் அவள் எட்டிப்பார்த்ததில்லை. டிக்கெட்டை நீட்டும்போது மெல்லச் சொன்னாள்: "பக்கத்து வீட்டுக்காரி போன வாரம் வந்தாளாம். நீ பேசினா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுன்னா. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. உன் வேலையைக் கெடுக்க மாட்டேன்."

வீதியில் ஐந்து பழைய நாடக அரங்குகள். இரண்டு துணிக்கடையாகிவிட்டன, ஒன்றில் கார் நிறுத்துகிறார்கள். கால் ஓய்ந்து எல்லோரும் கைபேசியை நோண்டத் தொடங்குவது நான்காவது அரங்கில்தான். அங்கே ஒரு சிரிப்பு விழாவிட்டால் ஐந்தாவதுக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். அதற்காக நான் ஜோடித்ததுதான் குறட்டைக் கதை.

அந்த மேடையின் முன்விளிம்பில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய குழி ஒன்று உண்டு. சபையின் பக்கம் பலகை மறைத்திருக்கும். நடிகர்கள் மறந்த வசனத்தை அதற்குள்ளிருந்துதான் ஒருவர் எடுத்துக்கொடுப்பார். என் கதையில், எடுத்துக்கொடுப்பவர் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். வசனம் மறந்த ராஜா திருதிருவென்று விழிப்பார். குழியிலிருந்து குறட்டை வரும். "ஆஹா, இதுவல்லவோ மறுமொழி!" என்பார் ராஜா. குறட்டையை நானே விட்டுக் காட்டுவேன்.

உண்மையில் குழிக்குள் இருந்தது அப்பா. அவர் தூங்கவில்லை, மயங்கிக் கிடந்தார். குழிக்குள் இருப்பவரை யார் பார்ப்பது? நாடகம் முடிந்து விளக்கணைக்க வந்தவர்தான் பார்த்தார். அதற்குமுன் அப்பா பலகையைத் தட்டிப் பார்த்தாரா, யாருக்கும் தெரியாது. அதற்குப்பின் எட்டே நாள்தான் இருந்தார். மயங்கியவரை வைத்து யாரையும் சிரிக்கவைக்க முடியாது. தூங்கியவரை வைத்து முடியும். முதல் தடவை சொன்ன அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். இரண்டாம் தடவை அழவில்லை. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

அம்மா வந்திருந்த அன்று நான்காவது அரங்கில் கூரை ஓவியங்களைப் பற்றியே வளவளவென்று பேசினேன். கிளம்பலாம் என்று திரும்பியபோது தொப்பி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார்.

"என்னங்க, மெயின் ஐட்டத்தையே விட்டுட்டீங்க? குறட்டை! அதுக்காகத்தான் என் மச்சானை இழுத்துட்டு வந்தேன்."

"இன்னைக்கு நேரமாயிடுச்சுங்க."

"அட, நானே சொல்றேன்."

சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார். தொந்தியைத் தடவி, மச்சானின் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து குறட்டை விட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் கேட்டது, வெளியாளிடம் பேசும் மரியாதையோடு.

"அந்தக் குழியில இருந்தவரு அப்புறம் என்ன ஆனாருங்க?"

"அதானே!" என்றார் தொப்பிக்காரர். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"தெரியலைங்க."

அம்மா தலையை ஆட்டினாள். "பையைக் கொஞ்சம் பிடிங்க" என்று கைப்பையை என்னிடம் கொடுத்தாள். அப்பா வேலை பார்த்த இடத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. பக்கப்படி வழியாக மேடையில் ஏறி, முட்டிவலிக்காரி, தரையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். யாரையும் அதில் இறங்க விடக்கூடாது என்பது எங்கள் விதி. நான் தடுக்கவில்லை. யாரோ போட்டோ எடுத்தார்கள். அவள் உட்கார்ந்ததும், கீழே நின்ற எங்களுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

பிறகு பலகையை உள்ளிருந்து தட்டும் ஒலி வந்தது.

"கேக்குதா?" என்றாள் அம்மா.

"நல்லா கேக்குதுங்க!" என்றார் தொப்பிக்காரர்.

மறுபடியும் தட்டினாள், முன்னைவிட மெதுவாக. "இப்போ?"

நான் பையோடு மேடையை ஒட்டிப் போய்ப் பலகையில் காதை வைத்தேன். அவள் இன்னும் மெதுவாகத் தட்டினாள்.