ஓராள் ஒதுங்கும் இடம்

காவிரியின் மேலிருந்த பழைய இரும்பு ரயில் பாலத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சாலம்மாள் தறிப்பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் பிறந்ததே அந்தப் பாலத்தின் மேல்தான்.

நீராவி எஞ்சின் காலத்தில் கட்டியது. ஒரு பெருவெள்ளம், தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரமான நடு கர்டரை அடித்துக்கொண்டு போக, வேறு கர்டர் வைத்து மறுபடி ரயில் விட்டார்கள். பஸ் பாலம் வரும்வரை இக்கரை ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் குறுக்குவழி. சாலம்மாளின் அம்மா பொன்னாயிக்கு வலி கண்ட அன்று, அப்பா கந்தப்பன் அவளைத் தாங்கிப் பிடித்து அதன் மேல்தான் நடத்திக் கூட்டிப் போனார். கொஞ்ச தூரம் போவதற்குள் எதிரே கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. தண்டவாளத்தை ஒட்டி, ஆள் ஒதுங்குவதற்கென்று வெளியே நீட்டியிருந்த இரும்புத் தட்டில் பொன்னாயியைப் படுக்க வைத்துவிட்டு அவர் கரைக்கு ஓடினார். வண்டி கடந்து அவர் திரும்பி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

"உட்டுட்டு ஓடுன ஆளு" என்று போன வருஷம் சாகும்வரை பொன்னாயி சொல்லிக்கொண்டிருந்தாள். கந்தப்பன் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அதனாலேயே சாலம்மாளும் அதை நம்பினாள். அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவாள். உட்கார்ந்து பேச மாட்டாள்.

கழற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சூரமங்கலத்திலிருந்து வந்திருந்த நிகத் என்ற இளம் என்ஜினீயர். வெளியாட்களை மேலே விட முடியாது என்றுதான் முதலில் சொன்னார். விஷயத்தைக் கேட்டபின் ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்துத் தானே கூட்டிப் போனார். ரயில்கள் ஏற்கெனவே புதுப் பாலத்துக்கு மாறியிருந்தன.

"இந்தக் கரைப் பக்கம் இது ஒண்ணுதாங்க்கா இருக்கு" என்று, வெளியே நீட்டியிருந்த இரும்புத் தட்டைக் காட்டினார்.

சாலம்மாள் அதில் இறங்கி நின்றாள். கைப்பிடிக் கம்பி இடுப்பை இடித்தது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தாள். இதில் ஒருத்தி படுத்துவிட்டால் இன்னொருவர் கால் வைக்கக்கூட இடம் கிடையாது. பக்கத்தில் நின்றிருந்தால் வண்டி அடித்திருக்கும். அம்மா அங்கே தனியாகக் கிடந்ததை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. நிகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கப்பா, அங்க ரெண்டு பேருக்கு எடமே இல்லீங்க. அம்மாகிட்ட ஏன் சொல்லலீங்க?"

கந்தப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எடமில்லைன்னு எனக்கே தெரியாது சாமி. ஓடுன வேகத்துலயும், உன்னையத் தூக்குன பதட்டத்துலயும் என்னத்தப் பாத்தேன்? அப்பறம் போயிப் பாக்கப் பயம். எடம் இருந்துட்டா என்ன பண்றது?"

சாலம்மாள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடமில்லை என்று இன்னொரு தடவை சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு, அவள் பிறந்த அன்று நடந்ததை முதல்முறையாக அவரே சொல்லத் தொடங்கினார்.