வலது சக்கரத்துக்குப் பிடித்த மஞ்சள் கிரீஸ்

சங்குமுனையில் நாற்பது நாள் கடலைத் தொடாமல் நிற்கும் படகு வீடாகிவிடும். அதற்கு யாரும் மனு கொடுக்க வேண்டாம், தானாகவே ஆகிவிடும். மெர்லினின் படகுக்கு அன்று நாற்பதாவது நாள். மதியம் பன்னிரண்டுக்குள் அது தண்ணீரில் நனையாவிட்டால் கதை முடிந்தது. காலையிலேயே அதன் இடது பக்கத்தில் ஒரு சமையலறை ஜன்னல் முளைத்திருந்தது. மெர்லின் அதைச் சாக்கால் மூடினாள். குடியிருக்க அவளுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. சோறு போடுவது படகுதான்.

படகைக் கடலுக்குக் கொண்டுபோகும் ட்ரெய்லருக்கு முதலில் கிரீஸ் பார்க்க வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது. சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, துணி விரித்து உட்கார வைப்பார்கள். எதிரே கிரீஸ் டப்பாக்கள். பிடித்த டப்பாவைப் பார்த்து பேரிங் ஒரு சுற்று சுற்றும். கேசரியும் வைப்பார்கள், ஆனால் அதை மனுஷர்கள்தான் தின்பார்கள்.

இடது பேரிங் நீல கிரீஸைப் பார்த்ததும் சுற்றிவிட்டது. உப்புத் தண்ணீரில் கரையாத கிரீஸ். வலது பேரிங்குக்கு மஞ்சள்தான் பிடித்தது. அது ஆட்டோவுக்குப் போடுவது. கடலைக் கண்டாலே கரைந்துவிடும்.

“நீலத்தைப் பாருல” என்று மெர்லின் அதைத் திருப்பி வைத்தாள். அது மறுபடியும் மஞ்சளுக்கே திரும்பியது. “ரெண்டும் ஒரே அச்சுலதான இருக்கு? இதுக்கு மட்டும் என்ன கோட்டி?”

“பிடிக்காததைத் திணிச்சா பாதி வழியில நின்னுரும், மைனி” என்றான் அவள் கொழுந்தன் பெர்க்மான்ஸ், கேசரியை வழித்துக்கொண்டே. “ரெண்டையும் கலந்து விடுங்க.”

“கலக்கக் கூடாதும்பாங்களே?”

“அது மத்தவங்க சொல்றது. நான் உங்க கொழுந்தன்லா.”

இது ஒரு பதிலா என்று மெர்லினுக்குப் புரியவில்லை. மணி பத்தரை. வலதுக்கு மட்டும் கலந்தாள்.

ஒத்துப்போகாத இரண்டு கிரீஸைக் கலந்தால் கஞ்சியாக இளகிவிடும். வழி நெடுக ஒழுகியது. டிராக்டர் மூன்று கிலோமீட்டர் இழுத்துக் கரைக்கு வந்து சேர்ந்தபோது இடது சக்கரம் ஜில்லென்று இருந்தது. வலது சக்கரத்தின் நடுக்குடத்தில் அப்பளம் சுடலாம். அதற்குள் படகில் ஒரு மின்சார மீட்டரும் ஒரு துணிக்கொடியும் முளைத்திருந்தன. கொடியில் ஒரு லுங்கி காய்ந்தது. யாருடையது என்று மெர்லின் கேட்கவில்லை. நேரமில்லை, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

“சூட்டோட தண்ணியில இறக்கக் கூடாது, மைனி. உள்ள இருக்கிற காத்து சுருங்கி, கடலை உறிஞ்சிரும்.”

“ஆற எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி.”

“அரை மணி கழிச்சு இதுல நான் பால்தான் காய்ச்சணும்.”

மெர்லின் படகைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். எதைக் காப்பாற்றினால் எது போகும் என்று அவளுக்குக் குழம்பியது. மூன்று முறை எண்ணியும் கணக்கு நிற்கவில்லை.

“பின்னால எடுல” என்றாள் டிராக்டர் ஓட்டியவனிடம்.

சக்கரம் உஸ்ஸென்றது. ஓர் அலை படகின் அடியை நனைத்தது. ஜன்னல் மூடிக்கொண்டது, மீட்டர் உதிர்ந்தது. பிறகு யாரோ சூடான டீயை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். முதலில் நுரை போனது. பிறகு அலைகள் போயின. பன்னிரண்டு அடிப்பதற்குள் கடல் மொத்தமும் வலது சக்கரத்துக்குள் போய்விட்டது.

மீன்பிடிக்கப் போயிருந்தவர்கள் இஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார்கள்.

“யார் சக்கரத்துல?” என்று ஒருவர் கேட்டார்.

“என்னுதுதான். வலது.”

“சரி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் ஒரு ஆள் வந்து லுங்கியைக் கேட்டார். மெர்லின் மடித்துக் கொடுத்தாள். உள்ளே போன கடலில் ஓதம் ஏறினால் டயர் வீங்கும் என்பதால் பெர்க்மான்ஸ் ட்ரெய்லரை வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தினான்.

விடிந்ததும் மெர்லின் சக்கரத்தின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது. அதற்கு அப்பால் கடல், நல்ல காற்று. படகைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். சக்கரத்தின் வாசலில் கொஞ்சம் உரசியது. அந்த இடத்தில் அவள் கிரீஸ் தடவினாள், நீலம் மட்டும்.