மிதித்தால் மாட்டிக்கொள்வது

என் கணவர் சங்மோவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்த வருஷத்திலிருந்து அவருடைய பின்காலைப் பனிச்சறுக்குப் போர்டில் நான்தான் பூட்டிவிட்டு வந்தேன். எங்களுடையது ஹார்ட் பூட்ஸ், கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது. அதைப் போர்டோடு பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கில் குதிகாலுக்கு ஒரு கம்பி வளையம், முன்விரலுக்கு ஒரு லீவர். குனிந்து லீவரை அழுத்தி மூட வேண்டும். அவரால் குனிய முடியாது. முன்கால் அடிவாரத்திலேயே பூட்டியிருக்கும்; லிஃப்டில் ஏறப் பின்காலை விடுவித்து வைக்க வேண்டும். உச்சியில் லிஃப்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் நான் பனியில் மண்டியிட்டு மூடி, ஆட்டிப் பார்த்து, அவர் காலில் ஒரு தட்டுத் தட்டுவேன். அதன்பிறகுதான் புறப்படுவார்.

கூடச் சறுக்குகிற ஜேகுன் ஒருநாள் மலை உச்சியில் எல்லார் முன்னிலும் கேட்டான்: "என்னண்ணே, அண்ணி ஷூ மாட்டிவிட்டாத்தான் பள்ளிக்கூடம் போவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சங்மோவும் சிரித்தார். அன்று மதியம் வாங்கிய மீன் உருண்டைச் சூப்பை அவர் தொடவேயில்லை.

மறுநாள் மலையடிவாரத்தில் சறுக்குச் சாமான் விற்கும் தேசிக்கின் கடைக்குப் போனோம். தேசிக் இரண்டு வகைப் பைண்டிங்கையும் மேஜைமேல் வைத்தார். ஒன்று எங்களுடையதைப் போன்ற லீவர். மற்றொன்று ஸ்டெப்-இன், நின்றபடியே மிதித்தால் போதும். பூட்ஸின் குதிகாலில் வேறு அடிக்கட்டை பொருத்துவார்கள். அதன் இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்த ஊசிகள். மிதிக்கும்போது அவை பைண்டிங்கின் துளைகளில் போய் உட்காரும்.

"லீவர் முட்டாள்ண்ணே," என்றார் தேசிக். "மூடியிருக்கா இல்லையான்னு தூரத்துலேர்ந்தே தெரியும். இது புத்திசாலி. புத்திசாலிய நம்பி மலை ஏறக்கூடாது."

"விக்கிறதுக்குத்தானேய்யா கடை வச்சிருக்க?" என்றார் சங்மோ.

"விக்கிறேன். சொல்லிட்டு விக்கிறேன். மிதிச்சா ரெண்டு சத்தம் கேக்கணும். டக், டக். பக்கத்துக்கு ஒண்ணு. மண்ணோ ஐஸோ அடைச்சிருந்தா ஒரு ஊசி வெளிய வராது. ஒண்ணுதான் கேக்கும். அப்பவும் கால் நிக்கும். நிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன்.

"குதிகாலத் தூக்கி முறுக்கிப் பாக்கணும், அண்ணி. ஒவ்வொரு தடவையும்."

"அண்ணிக்கு இனிமே லீவு. இதையே போடு," என்றார் சங்மோ.

தேசிக் என்னைப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க என் கால்சட்டை முழங்காலில் ஈரமாகவே இருந்தது. நானும் போடச் சொன்னேன்.

வரவேற்பறையில் பழைய போர்வையை விரித்து அவர் ஒரு வாரம் பழகினார். டக், டக். கீழ்வீட்டுக்காரி இரண்டு தடவை போன் செய்து, வீட்டுக்குள் குதிரை வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். சங்மோவுக்கு அத்தனை சந்தோஷம்.

எங்கள் ஆட்களிடம் 'தேங்' என்று ஒரு வார்த்தை உண்டு. மணியடிக்கிற சத்தம் அது. காலையில் லிஃப்ட் திறந்ததும் முதல் ஆளாக ஏறி, இரவில் இயந்திரம் பனியில் வாரிவிட்ட கோடுகள் கலையுமுன் இறங்குவது. ஹார்ட் பூட்ஸ்காரர்களுக்கு அதைவிட்டால் நாளே இல்லை. வரிசையில் இடம் பிடிப்பதற்காகக் காரிலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். எல்லாரும் செய்கிற தப்பு அது. புதுப் பைண்டிங்கோடு முதல் தடவை போன அன்று வாகன நிறுத்தம் உறைந்து கிடந்ததால் உப்பும் மணலும் கொட்டியிருந்தார்கள். அதன்மேல்தான் சங்மோ நறநறவென்று நடந்தார். வரிசையில் மூன்றாவது இடம் கிடைத்தது.

உச்சியில் காற்றே இல்லை. சரிவில் ஒரு தடம்கூட விழவில்லை. பக்கத்தில் ஜேகுன் குனிந்து தன் லீவரை மூடிக்கொண்டிருந்தான். சங்மோ மிதித்தார்.

டக்.

அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. என்னையறியாமல் மண்டியிட்டுக் கையை நீட்டினேன்.

"எந்திரி," என்றார் பல்லைக் கடித்தபடி. "எல்லாரும் பாக்கறாங்க."

"ஒண்ணுதாங்க கேட்டுச்சு."

"உனக்குக் காது மந்தம். எந்திரின்னு சொல்றேன்ல."

எழுந்தேன்.

முதல் மூன்று வளைவுகளும் கத்தியால் கீறியதுபோல் விழுந்தன. "அண்ணன் இன்னிக்கு வேற ஆளு!" என்று கத்தினான் ஜேகுன். நான்காவது வளைவில் உடல் பனியைத் தொடுமளவு சாய்ந்தபோது பின்கால் கழன்றது. ஒற்றைக் காலில் போர்டு அவரைச் சுழற்றி இழுத்துக்கொண்டு போனது. பனி தூவும் இயந்திரத்தின் கம்பத்தைச் சுற்றிப் பஞ்சு மெத்தை கட்டியிருந்தார்கள். அவர் மெத்தை எட்டாத கம்பத்தின் அடியில் போய் மோதினார்.

மீட்புக் குழுவின் அறையில் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஜேகுன் சுவரைப் பார்த்து நின்றான். தேசிக் கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"கால் சரியா மாட்டியிருந்துச்சாங்க? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் தாளோடு இருந்தவர்.

சரியாக மாட்டத் தெரியாமல் செத்தார் என்று ஜேகுனுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நின்றபடியே தானாக மாட்டிக்கொண்ட மனிதராக அவர் போகட்டும் என்று நினைத்தேன்.

"சரியா இருந்துச்சு," என்றேன். "ரெண்டு சத்தமும் கேட்டுச்சு."

அதைக் கேட்ட தேசிக்கின் முகம் போன போக்கை நான் கவனித்தேன். அப்போதே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வாரமே கடையிலிருந்த ஸ்டெப்-இன் அத்தனையையும் அவர் அப்புறப்படுத்தினார். அடுத்த வருஷம் கடையையும் மூடினார். இப்போது வோன்ஜு நகரில் ஒரு கிடங்கில் வேலை. ஒவ்வொரு நினைவுநாளுக்கும் பேரிக்காய்ப் பெட்டியோடு வந்து, சங்மோவின் படத்துக்கு முன்னால் தரையில் நெற்றி பட வணங்குகிறார். எழுந்திருக்க நேரமாகிறது.

"ரெண்டு சத்தமும் கேட்டும் விட்டுடுச்சே, அண்ணி. அப்படிப்பட்ட சாமான என் கையால மாட்டிவிட்டேனே," என்பார்.

இந்த வருஷமும் வந்து அதையேதான் சொன்னார். சோறு ஆறிவிடப்போகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.